‘டெம்பிள் ஒஃப் டூம்’ பிள்ளைகளுக்குப் போடலாமோ? பாலம், சுரங்க வண்டி, காளி: சில கேள்விகள்

கொட்டாஞ்சேனைக் கொட்டகை எழுதியது:

வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் 13 முதல் 17 வயது வரையான முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மண்டபத்தில் பழைய புதையல் வேட்டைப் படமொன்றைப் போட்டுக் காட்டி, மறுநாள் அதை வைத்து ஒரு பட்டறை நடத்த யோசனை. எங்கட நாட்டில் எடுத்த படம் என்றபடியால் இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படத்தைத் தெரிவு செய்திருக்கிறோம். குழுவில் பாதிப்பேர் ‘முதல் படமே போதும், இரண்டாவது வெறும் கத்தலும் ஓட்டமும்’ என்கிறார்கள். மற்றப் பாதி ‘காளியைக் கேவலப்படுத்தின படம், எங்கட பிள்ளைகளுக்கு ஏன்?’ என்கிறது.

கேட்க விரும்புவது இதுதான். இந்தப் படத்தில் ஆளை இழுத்துப் பிடிக்கிறது எது? பிள்ளைகளுக்கு எதைக் காட்டிப் பேசலாம்? சுரங்க வண்டிக் காட்சியைக் கைபேசியால் சின்ன அளவில் செய்து பார்க்க ஏலுமா? அந்தத் தொங்கு பாலத்தைப் போய்ப் பார்க்கலாமா? காளி விசயத்தில் என்ன சொல்வது?

சுருள்பெட்டி எழுதியது:

முதல் படம்தான் கதையாக நிறைவானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சாகசப் படம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டாவதுதான் வசதி. இதன் மூட்டுகள் எல்லாம் வெளியிலேயே தெரியும்.

தொடக்கக் காட்சியை எடுங்கோ. 1935, ஷங்காய், ஓர் இரவு விடுதி. மேசையில் மூன்று பொருள்: ஒரு மன்னரின் சாம்பல் உள்ள பாத்திரம், ஒரு வைரம், நஞ்சு முறிக்கும் மருந்துக் குப்பி. நாயகன் நஞ்சைக் குடித்துவிட்டான். குழப்பத்தில் வைரமும் குப்பியும் தரையில் விழுகின்றன. அவனுக்குக் குப்பி வேணும், பாடகிக்கு வைரம் வேணும். ஆட்டக்காரிகளின் கால்கள் இரண்டையும் மாறிமாறித் தட்டுகின்றன. ஒரு வாளி ஐஸ்கட்டி கொட்டுப்பட, வைரம் எது ஐஸ் எது என்று தெரியாமல் போகிறது. மேலிருந்து பலூன்கள். ஓர் அறை, இரண்டு சின்னப் பொருள், இரண்டு பேருடைய எதிரெதிர் ஆசை. வசனம் விளங்காத பிள்ளைகூட யாருக்கு எது வேணும் என்று சொல்லிவிடும். பிறகு ஒரு பெரிய வெண்கலத் தட்டு உருளுகிறது, அதன் பின்னால் மறைந்து துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்புகிறார்கள். அந்தத் தட்டு தொடக்கப் பாட்டில் அலங்காரமாக நின்றதுதான். பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கு: இந்தப் பொருளை முதலில் எப்போது பார்த்தீர்கள்?

அடுத்து, ஒரு தப்பித்தல் முடியும் இடத்திலேயே அடுத்த சிக்கல் தொடங்குகிறது. எதிரியிடமிருந்து தப்பி ஏறின விமானம் எதிரியின் விமானம். விமானிகள் எரிபொருளைத் திறந்து விட்டுவிட்டுப் பரசூட்டில் குதித்துவிடுகிறார்கள். பரசூட் இல்லாதபடியால் காற்றடைத்த படகைக் கட்டிப்பிடித்துக் கொண்டு குதித்தால் விழுவது பனிமலையில், பனி முடிந்தால் செங்குத்துப் பாறை, அதற்குக் கீழே ஆறு. பார்க்கிறவனுக்கு மூச்சு விட நேரமில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கு. பின்பாதியில் இதைவிட நேர்த்தியான ஒன்று: வண்டியைக் காலால் நிறுத்தப்போய்ச் சப்பாத்து புகைகிறது. ‘தண்ணீர், தண்ணீர்!’ என்று கத்துகிறான். தண்ணீர் வருகிறது, சுரங்கத்தை நிரப்பிக்கொண்டு.

இந்தச் சம்பவங்களில் சில முதல் படத்துக்கு யோசித்து வைத்து மிஞ்சியவை. வெண்கலத் தட்டு, படகோடு விமானத்திலிருந்து குதித்தல், சுரங்க வண்டி மூன்றும் முதல் படத்தின் ஆரம்ப வரைவுகளில் இருந்தன. மிச்சச் சோற்றில் நல்ல பழஞ்சோறு கரைத்த மாதிரி.

இரண்டாவது படத்தை முதல் படத்துக்கு ஒரு வருடம் முன்னால் வைத்ததற்குக் காரணம், கதையை உருவாக்கின ஜோர்ஜ் லூகஸ் நாஜிகளையே திரும்பவும் வில்லன்களாக்க விரும்பவில்லை. இதனால் ஒரு வேடிக்கை. முதல் படத்தில் வாள் சுழற்றினவனை நாயகன் சாவகாசமாகத் துப்பாக்கியால் சுடுவான், ஞாபகமிருக்கும். இரண்டாவதில் இரண்டு வாள்காரர் வருவார்கள். அவன் அதே சிரிப்போடு இடுப்பில் கை வைப்பான், உறை வெறுமையாக இருக்கும். கதைக் கணக்கில் முதல் சம்பவம் இன்னும் நடக்கவே இல்லை! அந்தச் சிரிப்பு முதல் படம் பார்த்த எங்களுக்காக மட்டும். அதனால் படம் போட முன்னம் முதல் படத்தின் அந்த ஒரு காட்சியையாவது காட்டுங்கோ. இல்லாவிட்டால் முப்பது பிள்ளையும் பேசாமல் இருக்க, நீங்கள் மட்டும் சிரிப்பீர்கள்.

குறையும் சொல்ல வேணும். கதாநாயகிக்கு அலறுவதைத் தவிரப் பெரிதாக வேலை கொடுக்கவில்லை. முதல் படத்தின் பெண் பாத்திரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய இறக்கம். முள் கூரை இறங்கும் அறைக் காட்சி மட்டும் விலக்கு. அங்கே பூச்சிகளுக்குள் கையை விட்டுப் பொறியை இழுத்து இரண்டு பேரையும் காப்பாற்றுவது அவள்தான். அடுத்த நிமிடமே தெரியாமல் சாய்ந்து அதே பொறியை மறுபடி தட்டிவிடுவாள் என்பது வேறு கதை.

மகாவலிக்கரை எழுதியது:

பாலத்தைப் பார்க்கப் போகாதேங்கோ. பாலம் இல்லை. படத்தில் அறுத்து விழுத்தினது அதைத்தான்.

விசயம் இப்படி. வட இந்தியாவில் எடுக்கத்தான் முதலில் திட்டம். ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள ஆம்பர் கோட்டையெல்லாம் பார்த்து வைத்திருந்தார்கள். இந்திய அரசு திரைக்கதையை ஏற்கவில்லை, மாற்றங்கள் கேட்டது, இறுதி வெட்டிலும் உரிமை கேட்டது. அதனால் கண்டிக்கு வந்தார்கள். 1983 ஏப்ரல் 18 அன்று கண்டியில் படப்பிடிப்பு தொடங்கியது. மே 5 அன்று முதன்மைக் குழு இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்ரூடியோவுக்கு மாறியது. அந்த வருடம் யூலையில் இங்கே என்ன நடந்தது என்று இந்தத் தளத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள்.

அரண்மனையை இங்கே தேடாதேங்கோ. தூரத்தில் தெரியும் பங்கொட் அரண்மனை கண்ணாடியில் தீட்டின ஓவியமும் சின்ன மாதிரியும்தான். ஊர்க் காட்சிகள் கண்டிக்கு மேலே ஹந்தானைப் பக்கம். யானைப் பயணமும் கண்டிச் சுற்றாடல்தான். தொங்கு பாலம் விக்டோரியா அணைக்கு அருகே, மகாவலியின் பள்ளத்தாக்கில் கட்டினது. அணை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த பிரித்தானியக் கம்பனியின் பொறியியலாளர்களே பாலத்துக்கும் உதவினார்கள். பார்வைக்குக் கயிறும் பலகையும், உள்ளே பாரம் தாங்கினது உருக்கு வடம். அறுபடும் காட்சியை ஒரே தடவைதான் எடுக்கலாம். வடத்தை வெடி வைத்து ஒரே நேரத்தில் அறுத்தார்கள், பல கமராக்கள் ஒன்றாக ஓடின. விழுகிற ஆட்கள் பொம்மைகள். பொறி வைத்துக் கைகாலை உதற விட்டிருந்தார்கள். அதனால்தான் இன்றைக்குப் பார்த்தாலும் கணினி விழுத்தினது மாதிரித் தெரியாது. தொங்கிக்கொண்டு அடிபடும் கிட்டக் காட்சிகள் எல்ஸ்ட்ரீயில் கட்டின பாறைச் சுவரில் எடுத்தவை. வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் வெட்டு எங்கே என்று பிடிக்கலாம். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு அது.

ஒரு பெரிய குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ‘அந்தப் பாலம் கித்துல்கலவில்’ என்று சொல்லி வான் பிடித்துப் போகிறவர்கள் கனக்க. கித்துல்கலவில் களனி கங்கைமேல் கட்டினது 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்தின் ரயில் பாலம். வேறு படம், வேறு ஆறு. கித்துல்கலவில் படகு விடுகிறார்கள் என்றபடியால் இந்தப் படத்தின் படகுக் காட்சியும் அங்கேதான் என்று இன்னொரு கதை உலவுது. அதுவும் பிழை, அது அமெரிக்க ஆறு.

போகத்தான் வேணுமென்றால்: கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயிலில் கண்டி, அங்கிருந்து திகன வழியாக விக்டோரியா அணைப் பக்கம். ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் பிள்ளைகளோடு இறுக்கம். 122 மீற்றர் உயரமான வளைவு அணை. அதுவே பார்க்கத் தக்கது. அணைக்கு மேலே போக நினைத்தால் அனுமதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கோ. குழுவாகப் போய் வாசலில் நின்று வாதாடி வேலையில்லை. அந்திக்கு முன் மழை இறங்கினால் பள்ளத்தாக்கு ஒன்றும் தெரியாது, அதனால் காலையிலேயே அங்கே நில்லுங்கோ.

இன்னுமொன்று. ஊர்க்காரர் பேசுவது சிங்களம்! கதை நடப்பது வட இந்தியாவில். கொழும்புப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். ஊர்ப் பூசாரியாக வரும் டி. ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. இயக்குநர் ஸ்பீல்பேர்க் கமராவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லச்சொல்ல, அதே ஓசையில் திருப்பிச் சொன்னார். அவர் வசனத்துக்கு நடுவில் விடும் அந்த நீண்ட இடைவெளி அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது. படத்திலோ அது ஒரு முதியவரின் கனமாக நிற்கிறது.

கோயிலடி எழுதியது:

காளி விசயத்தை மூடி மறைக்காதேங்கோ. போட முன்னமே ஐந்து நிமிடம் பேசுங்கோ, பிறகு பேசினால் சமாதானம் சொல்வது மாதிரி இருக்கும்.

சொல்ல வேண்டியது மூன்று நான்கு விசயம்தான். படத்தில் காளிக்குப் பலி கொடுக்கிறவர்கள் தக்கர். தக்கர் என்ற வழிப்பறிக் கூட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சி 1830களில் சிலீமன் என்ற அதிகாரியின் கீழ் வேட்டையாடியது. அவர்களைப் பற்றின பயங்கரக் கதைகளில் பெரும்பகுதி கம்பனி அதிகாரிகள் எழுதி வைத்தது. படம் அதை நூறு வருடம் தள்ளி 1935க்குக் கொண்டுவருகிறது. உயிரோடு இதயத்தைப் பிடுங்குவதும் தீக்குழியில் இறக்குவதும் எந்தக் காளி வழிபாட்டிலும் இல்லை. கொம்பு வைத்த தலையணியும் சுருங்கின மண்டையும் வேறு வேறு நாட்டிலிருந்து எடுத்துத் தைத்தவை. விருந்துக் காட்சியில் வரும் குரங்கு மூளை, கண்முழிச் சூப், உயிர்ப்பாம்பு எல்லாம் சிரிப்புக்கு என்று வைத்தது. அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று பிள்ளைகளிடமே கேளுங்கோ. 14 வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

அதற்கெதிராக அவர்களுக்குத் தெரிந்த காளியை வையுங்கோ. முன்னேஸ்வரத்துப் பத்திரகாளி கோயிலுக்குச் சிங்களவரும் வந்து நேர்த்தி வைக்கிறார்கள். இந்தப் படத்தின் காளி அவர்களுக்கும் அந்நியம்.

இதே படத்தில் சிவன் மட்டும் நல்ல பக்கம். ஊர்க்காரர் இழந்த கல் ஒரு சிவலிங்கம், அதில் மூன்று கோடு. படத்தில் அதற்கு மூன்று உலகம் என்று விளக்கம் சொல்கிறார்கள். எங்களுக்கு அது நெற்றியில் பூசும் திரிபுண்டரம். விபூதிக் குறி என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். கடைசியில் பாலத்தில் கல் வில்லனின் கையைச் சுடுவது சிவனுக்குத் துரோகம் செய்தான் என்பதால். சிவன் ஒரு பக்கம், சக்தி எதிர்ப் பக்கம்! சைவம் தெரிந்த யாரும் இப்படி எழுதமாட்டார்கள்.

வில்லனாக வரும் அம்ரிஷ் பூரியின் நடிப்பை மட்டும் குறைத்துச் சொல்லாதேங்கோ. எழுதினது கார்ட்டூன் வில்லன்தான், ஆனால் அந்த மனிதர் கண்ணாலும் குரலாலும் மண்டபத்தையே பிடித்து வைத்திருப்பார். இந்தப் படத்துக்கு மழித்த தலை பிறகு அவருடைய அடையாளமாகவே ஆனது.

வயது: 13க்குக் கீழே வேண்டாம். 1984 மே 23 அன்று அமெரிக்காவில் வந்தபோது ‘பெற்றோர் வழிகாட்டல்’ சான்றுதான் கொடுத்தார்கள். குழந்தைகளோடு போன பெற்றோர் கொதித்ததில் யூலை 1 முதல் 13 வயது என்று புதிதாக ஒரு தரமே உருவாக்கினார்கள். இதுவும் அதே கோடையில் வந்த ‘கிரெம்லின்ஸ்’ படமும்தான் அதற்குக் காரணம். பிரித்தானியாவில் அப்போது பலிக் காட்சியை வெட்டித்தான் விட்டார்கள். 2012இல்தான் அங்கே முழுப்படம் 12 வயதுச் சான்றோடு வந்தது. உங்கள் கையில் இருப்பது பழைய பிரித்தானியத் தட்டு என்றால் இதயம் பிடுங்கும் காட்சி குறைந்திருக்கும். 13 வயதுப் பிள்ளைகளுக்கு அது உண்மையில் வசதி. முழு அளவு 118 நிமிடம். இடைவேளை விட்டால் முள் அறை முடிந்து, பலிக்கூடம் தொடங்க முன். பயப்படுகிற பிள்ளை வெளியில் இருக்க ஒரு சாட்டாகவும் இருக்கும்.

தெகிவளைத் தச்சன் எழுதியது:

சுரங்க வண்டி பட்டறைக்குத் தங்கமான தெரிவு. ஏனென்றால் உண்மையிலேயே அதில் ஒரு பகுதி மேசை அளவு வேலை. நடிகர் இருக்கும் கிட்டக் காட்சிகளுக்கு எல்ஸ்ட்ரீயில் பெரிய தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டினார்கள். பாய்கிற, கவிழ்கிற தூரக் காட்சிகள் கலிபோர்னியாவில், சின்ன வண்டியும் சின்னப் பொம்மையும் வைத்து. சுரங்கச் சுவர் என்ன தெரியுமா? கசக்கி நிறம் பூசின அலுமினியத் தாள், சமையலறையில் இருக்கிறதுதான். வழமையான விசேட காட்சிக் கமரா பெரிசு, அதற்கு ஏற்ற சுரங்கம் கட்டினால் செலவு ஏறும். அதனால் ஒரு நிக்கொன் புகைப்படக் கமராவைத் திருத்திச் சினிமாச் சுருள் ஓடும்படி செய்தார்கள். கமரா சின்னதானது, சுரங்கமும் சின்னதானது. அந்த வருட விசேட காட்சிகளுக்கான ஒஸ்கார் இந்தப் படத்துக்கே போனது. உங்களிடம் கைபேசி இருக்கு, நிக்கொனைவிடச் சின்னது.

அளவு: 2 மீற்றர் நீளச் சுரங்கம், மேலே வளைவு, அகலம் 25 செ.மீ., உயரம் 20 செ.மீ. ஒரே துண்டாகச் செய்யாதேங்கோ. 50 செ.மீ. துண்டு நாலு செய்து, தூக்கி எடுக்கக்கூடியதாக வையுங்கோ, இல்லாவிட்டால் நடுவில் விழுந்த வண்டியை எடுக்கக் கை போகாது. உள் எலும்புக்குக் கோழிக்கூட்டு வலை, 2 மீற்றருக்கு 60 செ.மீ. வெட்டின முனைகளை மடித்து ஒட்டுநாடா சுற்றுங்கோ, பிள்ளைகளின் கை கிழியும்.

தாள்: வலையின் அகலம் 60 செ.மீ. கசக்கினால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும், அதனால் 90 செ.மீ. வேணும். 30 செ.மீ. அகலத் தாள் என்றால் மூன்று பட்டை, ஒவ்வொன்றும் 3 மீற்றர், மொத்தம் 9 மீற்றர். தடித்த தாள் வாங்குங்கோ. மெல்லியது இரண்டாம் தரம் விரிக்கும்போதே கிழியும். பந்தாக இறுக்காமல், கையால் மெதுவாகக் கசக்கி, பாதி விரித்து, வலைக்கு உட்பக்கம் பிடியுங்கோ. முழுக்க விரித்தால் பாறை மாதிரி இராது, கசங்கின தாள் மாதிரித்தான் இருக்கும்.

நிறம்: நீர்வர்ணம் அலுமினியத்தில் ஒட்டாது, காய்ந்தபின் செதிலாக உதிரும். சுவருக்குப் பூசும் மட் இமல்ஷன் கறுப்பும் மண்ணிறமும் கலந்து, நாலு பங்குக்கு ஒரு பங்கு பைன்டர் கம் சேருங்கோ. கம் கூடினால் பளபளக்கும். பளபளத்தால் கமராவில் உடனே தாள் என்று தெரியும். கொழும்பு ஈரப்பதத்தில் ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கோ. காய்ந்தபின் ஏறக்குறைய வறண்ட தூரிகையில் சாம்பல் நிறம் தொட்டு மேடுகளில் மட்டும் தேயுங்கோ. பாறை அந்த நிமிடத்தில்தான் பிறக்கும்.

தண்டவாளம்: 2 மி.மீ. ஜீ.ஐ. கம்பி இரண்டு, 3 செ.மீ. இடைவெளி. குறுக்குக் கட்டைக்கு ஐஸ்பழக் குச்சியைப் பாதியாக வெட்டி, 4 செ.மீ.க்கு ஒன்று. கம்பிக்குப் பதில் ஈர்க்கு பாவிக்க நினைப்பீர்கள். நேர்த் துண்டுக்குச் சரி, வளைவில் முறியும், நுனி மெலிந்து போகும். வண்டி 6 செ.மீ. நீளம், தீப்பெட்டி அட்டை போதும். சில்லு சுழலத் தேவையில்லை, யாரும் பார்க்கமாட்டார்கள். ஆட்கள் 3 செ.மீ., கம்பிக்கு மேல் களிமண். முகம் செய்ய மினக்கெடாதேங்கோ. தொப்பியும் கை உயர்த்தின நிலையும் இருந்தால் ஆள் யாரென்று தெரியும்.

வேகக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். உண்மை வண்டி ஒன்றரை மீற்றர் என்றால் எங்கட அளவு 25இல் ஒன்று. மணிக்கு 36 கி.மீ. என்பது செக்கனுக்கு 10 மீற்றர், எங்கட மேசையில் 40 செ.மீ. செக்கனுக்கு 12 படம் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் 3.3 செ.மீ. நகர்த்த வேணும். 2 மீற்றர் சுரங்கத்துக்கு 60 படம், 5 செக்கன். முப்பது பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்தால் ஒரு காலையில் ஆளுக்கு ஒரு காட்சி கிடைக்கும். 24 படம் வேண்டாம், முதல் நாளில் பொறுமை போய்விடும்.

கைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கோ. லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால் தலைகீழானால் தண்டவாளத்துக்கு ஒரு விரலளவு மேலே வந்து நிற்கும். வேகம் என்ற உணர்வே அதில்தான். இருபது சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து எடுத்தால் பொம்மை ரயில், ஒரு சென்ரிமீற்றரிலிருந்து எடுத்தால் சுரங்கம். படத்தைப் பிறகு மறுபடி திருப்பிக் கொள்ளலாம். கைபேசியை ஒரு மரக்கட்டையில் இறப்பர் பட்டையால் கட்டி, மேசையில் ஒட்டின அடிமட்டத்தோடு உரசிக்கொண்டு நகர்த்துங்கோ. கையால் பிடித்தால் ஒவ்வொரு படமும் குலுங்கும்.

லைட்: வெசாக் கூட்டுக்குப் போடும் மஞ்சள் எல்.ஈ.டி. சரம் புறக்கோட்டையில் எந்த நாளும் கிடைக்கும். வலையில் துளை விட்டு 20 செ.மீ.க்கு ஒன்று உள்ளே நீட்டுங்கோ. மின்னும் நிலையில் விடாமல் ‘நிலையாக எரி’ என்பதில் வையுங்கோ. கடைசி அரை மீற்றருக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றினால் தீக்குழி வெளிச்சம்.

ஒலிக்குப் பெரிய இரகசியம் இல்லை. படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பேர்ட் டிஸ்னிலாண்டின் ரோலர் கோஸ்டர்களில் பதிவு செய்தார். உங்களுக்குக் கரையோர ரயில் இருக்கு. யன்னல் பக்கம் பிடித்தால் காற்றுத்தான் பதியும். பெட்டிக்குள், கதவிலிருந்து தள்ளி, தரைக்குக் கிட்டப் பிடித்தால் இணைப்பில் சில்லு தட்டும் சத்தம் சுத்தமாக வரும். அதை ஒன்றரை மடங்கு வேகமாக்குங்கோ.

ஒலிபெருக்கி எழுதியது:

மண்டபம் பற்றி யாரும் சொல்லவில்லை. படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.39 மடங்கு. திரை 2.5 மீற்றர் அகலம் என்றால் படம் 1.05 மீற்றர் உயரம்தான் வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. ‘திரையை நிரப்பு’ என்று அழுத்தாதேங்கோ, பாலக் காட்சியில் இரண்டு கரையும் வெட்டுப்படும். முப்பது பேருக்கு 3,000 லூமன் புரொஜெக்டர் போதும், ஆனால் யன்னல் அடைக்க வேணும். படத்தின் பின்பாதி முழுக்க இருட்டும் சிவப்பும், கொஞ்சம் வெளிச்சம் வந்தாலும் சாம்பலாகிவிடும்.

மண்டபத்துக்காரர் கூரை விசிறிக்குக் கீழே புரொஜெக்டரை வைப்பார்கள். கதிர் விசிறி இறக்கை வழியே போனால் படம் துடிக்கும், அதைப் புரொஜெக்டர் பிழை என்று அரை மணித்தியாலம் தேடுவீர்கள். ஒலி: இரண்டு பெட்டிதான் என்றால் பிளேயரில் ‘ஸ்ரீரியோ’ என்று மாற்றி வையுங்கோ. மாற்றாவிட்டால் நடுப்பெட்டியில் வரவேண்டிய பேச்சு தொலைந்து, இசையும் வெடியும் மட்டும் கேட்கும். தட்டில் வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்றுதான் எழுதியிருக்கும், பொதுவில் காட்ட உரிமை கேட்டு எழுதுங்கோ.

கொட்டாஞ்சேனைக் கொட்டகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குழுவில் காட்டினேன், காளி பற்றிய ஐந்து நிமிடத்தை ஒரு மூத்த ஆசிரியை எடுத்துச் சொல்ல ஒத்துக்கொண்டார். தச்சன் அண்ணா, நீங்கள் சொன்னபடி ஒரு துண்டு செய்து பரீட்சித்தோம். படம் ஓடும்போது வெளிச்சம் கூடிக் குறைந்து துடிக்கிறது. வண்டி ஓடுவதும் தத்தித்தத்தி இருக்கு, படத்தில் மாதிரி வழுக்கவில்லை. எங்கே பிழை?

தெகிவளைத் தச்சன் எழுதியது:

இரண்டும் வேறு வேறு பிழை.

துடிப்பு: கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கணக்குப் போடுகிறது. ‘ப்ரோ’ நிலைக்குப் போய் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் அளவு), ஷட்டர் (லென்ஸ் திறந்திருக்கும் நேரம்), வெண்சமநிலை, குவியம் நாலையும் பூட்டுங்கோ. ஒன்றை விட்டாலும் துடிக்கும். பூட்டியும் துடித்தால் லைட்டைப் பாருங்கோ. மலிவான எல்.ஈ.டி. செக்கனுக்கு 100 தரம் மின்னும், ஷட்டர் ஒரு செக்கனில் 200இல் ஒரு பங்கு என்றால் சில படம் இருட்டில் விழும். 50இல் ஒரு பங்கு அல்லது அதைவிட மெதுவாக வையுங்கோ. அதுக்கும் மேலே மிஞ்சினால் யன்னல் வெயில், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரின் வெள்ளைச் சட்டை. எவ்வளவு நிறம் பூசினாலும் தாள் கொஞ்சம் தெறிக்கும். நகர்த்துகிற பிள்ளை கறுப்பு உடுத்து, படம் எடுக்கும் ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் நிற்கட்டும்.

தத்தல்: ஓடுகிற பொருளைச் சினிமாக் கமரா எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் மங்கல் இருக்கும். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் எல்லாம் கூர்மையாக வரும், அதனால் கண் தத்துகிறது என்று நினைக்கும். ஷட்டரை அரை செக்கனுக்கு இறக்கி, திறந்திருக்கும் நேரத்தில் கட்டையை 1.6 செ.மீ. இழுங்கோ. பிறகு மூடினபின் மிச்சம் 1.7 செ.மீ. நகர்த்தி அடுத்த படம். அரை செக்கனுக்கு வெளிச்சம் கூடி வெளுத்தால் ஐ.எஸ்.ஓ.வைக் 50க்கு இறக்குங்கோ, அதுவும் போதாவிட்டால் சரத்தில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கறுப்பு நாடாவால் மூடுங்கோ. அழுத்தும்போது கைபேசி ஆடும். காது ஒலிவாங்கி வயரில் உள்ள சத்தப் பொத்தானை அழுத்தினாலே பல கைபேசிகளில் படம் எடுபடும்.

முதல் பத்துப் படம் எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடருங்கோ. அறுபதையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் அன்றைக்கு மத்தியானச் சோறு ஒருவருக்கும் இறங்காது.